வீட்டில் ஏர்கான் பொருத்தும் நாள்: டிரங்கிங் மூடுமுன் பார்க்க வேண்டியவை

புதிய வீட்டுச் சாவி கையில் கிடைத்ததும் பலர் முதலில் விலை விசாரிக்கும் பொருள்களில் ஒன்று குளிரூட்டி. எந்த நிறுவனத்தின் இயந்திரம், எத்தனை வெள்ளி, எத்தனை சரிக்குறி என்பதோடு பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. பொருத்தும் வேலை ‘இலவசம்’ என்றோ ‘விலையில் சேர்த்தி’ என்றோ ஒரு வரியில் அடங்கிவிடும்.

ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகளில் தலைகாட்டும் தொல்லைகளில் பல, இயந்திரத்தால் வருவதில்லை. சுவரில் நீர் வழிவது, அறை சரியாகக் குளிராதது, அடிக்கடி ‘கேஸ்’ நிரப்பச் சொல்வது ஆகியவற்றுக்குக் காரணம் பெரும்பாலும் பொருத்திய விதம்தான்.

அந்த வேலையின் முக்கியப் பாகங்களான செம்புக் குழாய், அதைச் சுற்றிய காப்புறை, வடிகுழாய் ஆகியவை வெள்ளை டிரங்கிங் பெட்டிக்குள்ளோ பொய்க்கூரைக்கு மேலோ மறைந்துவிடும். வீட்டுக்காரர் அவற்றைக் கண்ணால் பார்க்கக்கூடிய வாய்ப்பு, பொருத்தும் அந்த ஒரு நாள் மட்டுமே. மூடிய பிறகு குறை தெரிந்தால் சுவரையும் கூரையையும் பிரிக்கும் செலவு, முதலில் மிச்சம் பிடித்த பணத்தைவிடப் பல மடங்காகிவிடும்.

யார் பொருத்தலாம்?

வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் வெளிப்பெட்டி வைத்துப் பொருத்தப்படும் குளிரூட்டியை, கட்டட, கட்டுமான ஆணையத்திடம் பயிற்சி பெற்ற பொருத்துநரே பொருத்த வேண்டும். அவர்களின் பட்டியலை ஆணையத்தின் இணையத்தளத்தில் பார்க்கலாம். கடைக்காரர் பெரிய நிறுவனம் என்பதால் வீட்டுக்கு வருபவரும் பயிற்சி பெற்றவர் என்று கொள்ள முடியாது. பல கடைகள் இந்த வேலையைத் துணைக் குத்தகைக்கு விடுகின்றன. வருபவரின் பெயரைக் கேட்டுப் பட்டியலோடு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

இது வெறும் காகித விதியன்று. பத்தாவது மாடியின் வெளிப்புறத்தில் இருக்கும் கனமான பெட்டி விழுந்தால், கீழே நடப்பவர் உயிருக்கு ஆபத்து. பொருத்துபவரும் உயரத்தில், சன்னலுக்கு வெளியே நின்று வேலை பார்க்கிறார். பாதுகாப்புக் கச்சை அணியாமல் வெளியே ஏறும் ஊழியரைத் தடுத்து நிறுத்தும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு.

எத்தனை பெரிய இயந்திரம்?

குளிரூட்டும் திறன் ‘பிடியூ’ என்ற அளவில் குறிக்கப்படுகிறது. நம் வெப்பநிலையில் ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய 60 முதல் 65 பிடியூ என்பது பொதுவான கணக்கு. 120 சதுர அடி படுக்கையறைக்கு ஏறத்தாழ 7,800 பிடியூ வரும். சந்தையில் கிடைக்கும் 9,000 பிடியூ பெட்டி போதும். மாலை வெயில் நேராக விழும் அறை, பெரிய சன்னல் உள்ள கூடம் ஆகியவற்றுக்குச் சற்றுக் கூடுதலாகக் கணக்கிட வேண்டும்.

பெரியது வாங்கினால் நல்லது என்ற எண்ணம் தவறு. தேவைக்கு மிக அதிகமான திறன் கொண்ட இயந்திரம் அறையை விரைவில் குளிரவைத்துவிட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காற்றிலுள்ள ஈரத்தை இழுக்க அதற்கு நேரம் போதாது. அறை குளிர்ந்திருந்தும் பிசுபிசுப்பு போகாததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு வெளிப்பெட்டியோடு மூன்று உட்பெட்டிகளை இணைப்பதை ‘சிஸ்டம் 3’ என்பர். மூன்றும் ஒரே நேரத்தில் இயங்கும்போது வெளிப்பெட்டியின் மொத்தத் திறன் போதுமா என்பதையும் கேட்க வேண்டும்.

சிங்கப்பூரில் குளிரூட்டிகளுக்கு எரிசக்தி முத்திரை 2008ஆம் ஆண்டிலும் குறைந்தபட்சத் தரநிலை 2011ஆம் ஆண்டிலும் கட்டாயமாயின. ஐந்து சரிக்குறி இயந்திரமே மிகுந்த சிக்கனமானது. பருவநிலைக்கு உகந்த குடும்பங்களுக்கான திட்டத்தின்கீழ் கழக வீட்டுக் குடும்பங்களுக்கு 2024 ஏப்ரல் முதல் வழங்கப்பட்ட 300 வெள்ளி பற்றுச்சீட்டை ஐந்து சரிக்குறி குளிரூட்டிக்கும் பயன்படுத்தலாம். இன்னும் செலவழிக்காதோர் கடைக்குப் போகுமுன் மீதத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

மின்சாரம் தாங்குமா?

பழைய புளோக்குகளில் சில வீடுகளின் முதன்மை மின்விசை 30 ஆம்பியர் மட்டுமே தாங்கும். பிற்காலத்தில் கட்டிய வீடுகளில் அது 40 ஆம்பியர். பழைய வீட்டில் மூன்று, நான்கு அறைகளுக்குக் குளிரூட்டி வைக்க நினைப்போர் முதலில் இதைச் சரிபார்க்க வேண்டும். தரம் உயர்த்த வேண்டுமானால் கழகத்தின் அனுமதி தேவை; வேலையை உரிமம் பெற்ற மின் ஊழியரே செய்ய வேண்டும்.

வெளிப்பெட்டிக்கு மின்பெட்டியிலிருந்து தனிக் கம்பி, தனி விசை வரவேண்டும். சுவரில் இருக்கும் சாதாரண முனையிலிருந்து இழுத்துக் கொடுத்தால் ஒப்புக்கொள்ளக் கூடாது.

வெளிப்பெட்டி

புதிய புளோக்குகளில் வெளிப்பெட்டிக்கென்றே ‘ஏர்கான் லெட்ஜ்’ எனும் திட்டு கட்டப்பட்டிருக்கும். திட்டு இல்லாத பழைய வீடுகளில் வெளிச்சுவரில் தாங்கி பொருத்தி அதன்மேல் பெட்டியை வைக்கின்றனர். அந்தத் தாங்கி துருப்பிடிக்காத எஃகால் ஆனதாக இருக்க வேண்டும். பழைய இயந்திரத்தை மாற்றும்போது ‘தாங்கி நன்றாகத்தான் இருக்கிறது, அதையே பயன்படுத்தலாம்’ என்று யாராவது சொன்னால், மறுத்துவிட்டுப் புதிதாகவே போடச் சொல்வது பாதுகாப்பு. மழையிலும் வெயிலிலும் பல ஆண்டுகள் நின்ற ஆணிகள் சுவருக்குள் எப்படி இருக்கின்றன என்பது வெளியே தெரியாது.

உட்பெட்டி

கூரைக்கும் உட்பெட்டிக்கும் இடையில் ஏழெட்டு சென்டிமீட்டராவது இடைவெளி விட வேண்டும். மேலிருந்துதான் அது காற்றை இழுக்கிறது. பக்கங்களிலும் கை நுழையும் இடம் இருந்தால்தான் பின்னாளில் கழற்றிக் கழுவ முடியும். அலமாரி செய்யும் தச்சரும் ஏர்கான் பொருத்துநரும் வெவ்வேறு நாளில் வருவதால், அலமாரி அந்த இடைவெளியை விழுங்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. இருவரிடமும் ஒரே வரைபடத்தைக் கொடுத்துவிடுவது நல்லது. கட்டிலில் படுப்பவரின் தலைக்கு நேராகக் காற்று விழாத சுவரைத் தேர்ந்தெடுப்பதும் அவசியம்.

குழாய் செல்லும் வழியில் உத்திரத்தையோ தூணையோ துளைக்கக் கூடாது. கனத்த இரும்புக் கதவு கொண்ட வீட்டுப் புகலிடத்தின் சுவர் வழியாகவும் குழாய் போகக் கூடாது.

குழாயும் காப்புறையும்

டிரங்கிங் மூடுமுன் பார்க்க வேண்டியவற்றில் இதுவே முதன்மையானது.

குளிரூட்டி இயங்கும்போது செம்புக் குழாயின் வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்கும் கீழே போகக்கூடும். சிங்கப்பூர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால், ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர்த்துளி படியும். குளிர்ந்த கோப்பையின் வெளியே நீர் பூப்பது போன்றதே இது. இதைத் தடுப்பது குழாயைச் சுற்றிய கருப்பு நுரைக் காப்புறை ஒன்றுதான்.

காப்புறையின் கனம் அரை அங்குலம், அதாவது ஏறத்தாழ 13 மில்லிமீட்டர், இருப்பது நல்லது. செலவைக் குறைக்க 10 மில்லிமீட்டருக்கும் மெல்லியதைப் போடுவோர் உண்டு. பொய்க்கூரைக்குள் காற்றோட்டம் இல்லாத இடத்தில் மெல்லிய காப்புறை வியர்த்துவிடும். கூரையில் மஞ்சள் கறை விழும். இரண்டு துண்டுகள் சேரும் மூட்டு ஒட்டப்பட்டிருக்கிறதா, வளைவில் கிழிந்திருக்கிறதா, பட்டை சுற்றும்போது நசுக்கப்பட்டிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்கலாம்.

செம்புக் குழாயின் கனம் ‘கேஜ் 22’, அதாவது 0.71 மில்லிமீட்டர், என்று விலைப்பட்டியலில் எழுதி வாங்குவது நல்லது. ‘கேஜ் 23’ என்பது 0.61 மில்லிமீட்டர். எண் கூடினால் கனம் குறையும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

வடிகுழாய்

ஈரம் மிகுந்த நேரத்தில் ஓர் உட்பெட்டி ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் அளவுக்குத் தண்ணீர் இறக்கக்கூடும். அந்த நீரை இழுக்க மோட்டார் இல்லை, சரிவுதான் இழுக்கிறது. ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு சென்டிமீட்டராவது குழாய் இறங்க வேண்டும். டிரங்கிங் கூரைக்கு நேர்க்கோடாக இருந்தால் அழகு என்று வீட்டுக்காரரே வற்புறுத்தி, சரிவைக் கெடுத்துவிடுவதும் உண்டு. சரிவில்லாத குழாயில் நீர் தேங்கி, பாசி பிடித்து அடைத்து, கடைசியில் உட்பெட்டி வழியாகவே ஒழுகும்.

வடிகுழாயையும் காப்புறையால் சுற்ற வேண்டும். அது குளியலறை போன்ற முறையான வடிகாலில் முடிய வேண்டும். கீழ்வீட்டுத் துணிகளின்மேல் சொட்டும்படி வெளியே விடக் கூடாது. சோதனை எளிது: உட்பெட்டியின் தட்டில் ஒரு குவளை நீரை ஊற்றி, மறுமுனையில் தடையின்றி வெளிவருகிறதா என்று பார்க்க வேண்டும்.

இருபது நிமிடம் காத்திருக்கும் வேலை

குழாய்களை இணைத்ததும் உள்ளே காற்றும் ஈரமும் இருக்கும். வெற்றிட பம்ப் கொண்டு அவற்றை முழுமையாக உறிஞ்சிய பிறகே குளிர்வாயுவைத் திறந்துவிட வேண்டும். இதற்கு இருபது, முப்பது நிமிடமாவது ஆகும். குழாய் நீளமானால் இன்னும் அதிகம். அவசரத்தில் இருப்போர், இயந்திரத்தில் உள்ள வாயுவையே சிறிது திறந்து காற்றைத் தள்ளிவிட்டு முடித்துக்கொள்கின்றனர். உள்ளே தங்கும் ஈரம் எண்ணெயைக் கெடுத்து, வெளிப்பெட்டியின் இதயமான கம்ப்ரசரின் ஆயுளைக் குறைக்கும்.

அளவுமானியின் முள் கழித்தல் 0.1 மெகாபாஸ்கல் அல்லது கழித்தல் 76 சென்டிமீட்டர் என்ற குறிக்கு இறங்க வேண்டும். பம்பை நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்தும் முள் அங்கேயே நின்றால் கசிவில்லை என்று கொள்ளலாம். மேலே ஏறினால் எங்கோ கசிகிறது. முள்ளைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது பின்னாளில் உதவும்.

‘கேஸ் தீர்ந்துவிட்டது’

குளிர்வாயு பெட்ரோல் போல எரிந்து தீரும் பொருளன்று. மூடிய குழாய்க்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. அளவு குறைந்தால் கசிவு இருக்கிறது என்றே பொருள். கசிவைக் கண்டுபிடிக்காமல் ஆண்டுதோறும் நிரப்புவது, ஓட்டை வாளியில் நீர் ஊற்றுவதே ஆகும்.

இப்போதைய வீட்டு இயந்திரங்களில் பெரும்பாலும் ஆர்32 வாயு இருக்கும். புவியை வெப்பமாக்கும் அதன் ஆற்றல் அளவு 675. முன்பு பரவலாக இருந்த ஆர்410ஏ வாயுவுக்கு அது 2,088. ஆர்32 எளிதில் இல்லாவிட்டாலும் தீப்பற்றக்கூடியது. அதற்கென வந்த கருவிகளோடு, தெரிந்தவர் கையாள வேண்டும்.

எழுத்தில் வாங்குங்கள்

இயந்திரத்துக்குத் தயாரிப்பாளர் தரும் உத்தரவாதம் வேறு. பொருத்திய வேலைக்குக் கடைக்காரர் தரும் உத்தரவாதம் வேறு. நீர்க்கசிவும் வாயுக்கசிவும் பெரும்பாலும் இரண்டாவதில்தான் அடங்கும். அதன் காலம், குழாய், காப்புறை ஆகியவற்றின் கனம், பொருத்துநரின் பெயர் ஆகியவை ரசீதிலேயே இருக்க வேண்டும். மூடுமுன் எடுத்த படங்களையும் அதோடு சேர்த்து வைக்கலாம்.

தகராறு வந்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். அங்கும் தீராவிட்டால், சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் முன்வைக்கலாம். இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் அந்த வரம்பு 30,000 வெள்ளி. அங்கே வழக்கறிஞர் வாதாட முடியாது. வீட்டுக்காரரே பேச வேண்டும். அப்போது அவர் கையில் இருக்க வேண்டியவை அந்த ரசீதும் படங்களும்தான்.