பிறழ்சாட்சியும் காவலர் தகுதியும்: 14(பி) விதியின் முதல் விளக்கம் குறித்து ஒரு மறுவாசிப்பு

தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகளின் (1978) 14(பி) விதி, நான்காம் கூறு, சரிபார்ப்புக்கு முன் குற்ற வழக்கு எதிலும் சம்பந்தப்பட்டிராதவரையே காவல் பணிக்கு ஏற்கிறது. சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரும், புகார்தாரர் பிறழ்சாட்சியானதால் விடுதலையானவரும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவர் என்பது அதன் முதல் விளக்கம். சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2008இல் இதை ஏற்றது. இதை ஆராய்ந்தோர் பலரும் ஒழுக்கத்தை அளக்கும் சல்லடையாகவே இதைக் கண்டனர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விளக்கம் அளப்பது, வழக்கு எந்தப் பிரிவில் பதிவாகி எப்படி முடிந்தது என்பதை மட்டுமே.

ஊர்த் தகராறுகளில் நம் காவல் நிலையங்கள் வழக்கமாக எழுதிவந்தவை இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506(1) பிரிவுகள். இவற்றுள் அடித்தலும் மிரட்டலும் குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 320ஆம் பிரிவுப்படி சமரசத்துக்கு உரியவையாக இருந்தன. சமரசமானால் அது விடுதலைக்கு நிகர் என்றது அதே பிரிவின் எட்டாம் உட்பிரிவு. அந்த விடுதலையில் சந்தேகத்தின் பலனும் இல்லை, பிறழ்சாட்சியும் இல்லை. எனவே முதல் விளக்கத்தின் சொற்களுக்குள் அது வராது. ஆனால் ஆபாசமாகத் திட்டியதற்கான 294(பி) அப்பிரிவின் சமரசப் பட்டியலிலேயே இருந்ததில்லை. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பேசித் தீர்த்த பிறகும், விசாரணை நீதிமன்றத்தில் வழக்கை முடிக்கப் புகார்தாரர் கூண்டேறி, தமக்கு எதுவும் தெரியாது என்று சொல்லியாக வேண்டும். (உயர் நீதிமன்றத்தில் ரத்து கோரலாம், அதற்குச் செலவு செய்ய எத்தனை குடும்பங்களால் முடியும்?) ஆக, அடித்ததாக மட்டும் எழுதப்பட்டவருக்குத் தகுதி மிஞ்சுகிறது, கூடவே திட்டியதாகவும் எழுதப்பட்டவர் அதை இழக்கிறார். முதல் தகவல் அறிக்கையில் சேர்ந்த ஒரு பிரிவு, பல ஆண்டுகள் கழித்து அவர் பணியைத் தீர்மானிக்கிறது.

பிறழ்ந்த சாட்சியம் எல்லாமே சமரசத்தால் விளைந்தது என்று சொல்ல வரவில்லை. மிரட்டலுக்கு அஞ்சிப் பிறழ்ந்தோரும் உண்டு. ஆனால் இவ்விரண்டையும் பிரித்தறிய விளக்கத்தில் வழியே இல்லை என்பதுதான் குறை.

சம்பந்தப்பட்டாலே தடை என்று மூலக் கூறே சொல்லும்போது, சமரசம் மட்டும் எப்படித் தப்பும் என்று கேட்கலாம். அப்படியானால் முதல் விளக்கமே தேவையற்றதாகிவிடும். மற்ற விடுதலைகள் தடையை நீக்கும் என்ற எண்ணம் இருந்ததால்தானே இவ்விரண்டையும் தனியே குறிப்பிட வேண்டியிருந்தது? 'சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து' என்பதும் தீர்ப்புகளில் பழக்கத்தால் இடம்பெறும் வாய்பாடு. விடுதலையானவர் அந்தச் சொற்களை எதிர்த்து மேல்முறையீடு செய்யவும் வழியில்லை. குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 374ஆம் பிரிவு தண்டிக்கப்பட்டவருக்கே அந்த உரிமையைத் தந்தது.

சமுத்திரம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012இல் கூறிய 'கௌரவமான விடுதலை' இங்கே அடிக்கடி துணைக்கு அழைக்கப்படுகிறது. அவ்வழக்கு, துறை விசாரணையில் குற்றம் நிரூபணமாகி நீக்கப்பட்ட காவலர் பற்றியது. புதிதாக விண்ணப்பிப்பவர் மீது அத்தகைய விசாரணை ஏது? மெஹர் சிங் வழக்கில் (2013) தில்லிக் காவல்துறையின் நிராகரிப்பு ஏற்கப்பட்டது உண்மை. ஆனால் அங்கே ஒரு தேர்வுக் குழு அவரவர் வழக்கைத் தனியே பரிசீலித்திருந்தது.

வலுவான மறுப்பு அவ்தார் சிங் தீர்ப்பிலிருந்து (2016) வரக்கூடும். மூவர் அமர்வு, சந்தேகத்தின் பலனால் விடுதலையானவர் விஷயத்தில் பணியமர்த்துவோர் பொருத்தமான உண்மைகள் அனைத்தையும் பரிசீலித்து முடிவெடுக்கலாம் என்றது. பொருந்தும் விதிகளைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் சேர்த்தது. அந்த இரண்டாவது தொடரைக் காட்டி 14(பி) விதியைக் காக்க முயல்வோர் முதல் தொடரைப் பொருளற்றதாக்குகிறார்கள். விதியும் பரிசீலிக்கப்பட வேண்டியவற்றுள் ஒன்று. அது பரிசீலனைக்கு மாற்றாகாது. காவல்துறையின் மாண்பு கெடும் என்ற வாதம் இங்கே எழவே இல்லை. குற்ற இயல்புள்ளவரைச் சேர்க்கச் சொல்வார் யாருமில்லை.

2024 ஜூலை 1 முதல் 294(பி), பாரதிய நியாய சன்ஹிதாவின் 296ஆம் பிரிவாகியிருக்கிறது. புதிய நடைமுறைச் சட்டத்தின் சமரசப் பட்டியலிலும் அதற்கு இடமில்லை. சாட்சியத்தைப் படித்து முடிவெடுக்கும் குழு ஒன்றை அமைக்கும்வரை, முதல் விளக்கத்தைத் தானாக விழும் தடையாகக் கையாள்வது 2016ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கு முரணானது.