வண்டி யாருடையது?

இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் ஓடியது சென்னையில்தான். 1895 மே மாதம். தரைக்கடியில் பதித்த குழாய் வழியாக மின்சாரம் எடுத்து அது ஓடியது. மாடும் இல்லை, குதிரையும் இல்லை, ஆனாலும் வண்டி தானாக நகர்கிறது என்றால் அன்றைய மதராஸ்வாசிகள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளலாம். 1953இல் டிராம் நின்றுபோனது. மின்சாரத்தில் ஓடும் வண்டி நம் ஊருக்குப் புதுசு இல்லை என்று சொல்லத்தான் இதை எடுத்தேன்.

தெருவில் ஓடும் வண்டி மாறும்போதெல்லாம் இரண்டு கேள்விகள் எழுகின்றன. ஒன்று, அது எதில் ஓடுகிறது? இன்னொன்று, அது யாருடையது? முதல் கேள்விக்குப் படம் போட்டு, ஆண்டு போட்டு வரலாறு எழுதிவிடுகிறோம். இரண்டாவது கேள்வி பெரும்பாலும் அப்படியே நின்றுவிடுகிறது. வீட்டு வாசலுக்குச் சோறும் மருந்தும் மளிகையும் கொண்டுவரும் டெலிவரி வண்டிகள் இப்போது பெட்ரோலிலிருந்து பேட்டரிக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. இந்த மாற்றத்தை அந்த இரண்டாவது கேள்வியின் வழியாகப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

அப்படிப் பார்க்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 1973. மனிதனை மனிதன் இழுக்கும் கைரிக்‌ஷாவைத் தமிழ்நாடு அரசு ஒழித்த ஆண்டு. கைரிக்‌ஷா இழுத்தவர்களில் பெரும்பாலோருக்குச் சொந்த வண்டி கிடையாது. காலையில் முதலாளியிடம் எடுத்து, இரவில் வாடகையோடு திருப்பி விடவேண்டும். சவாரி கிடைத்ததா இல்லையா என்பது முதலாளியின் கவலை இல்லை. கருணாநிதி அரசு கைரிக்‌ஷாவைத் தடை செய்ததோடு நிற்காமல், இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷாவையும் கொடுத்தது. அந்தத் திட்டத்தில் எல்லாமே ஒழுங்காக நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பழைய வண்டி போகிறபோது புதிய வண்டி யார் கைக்குப் போகவேண்டும் என்று ஓர் அரசு யோசித்தது என்பது சின்ன விஷயம் இல்லை.

தபால்காரரின் கதை வேறு. சைக்கிளுக்கு முன்னால் தபால் பையைச் சுமந்து ஓடிய ஓட்டக்காரர்கள் இருந்தார்கள். கையில் மணி கட்டிய ஈட்டி. அடுத்த ஆள் காத்திருக்கும் இடம் வரை ஓடி, பையை மாற்றிக்கொடுக்க வேண்டும். பிறகு சைக்கிள் வந்தது. 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூரிலேயே சைக்கிள் செய்தது. சொந்தச் சைக்கிளை வேலைக்கு ஓட்டிய தபால்காரருக்கு, அதைப் பராமரிக்க அஞ்சல் துறை ஒரு படி கொடுத்தது. தொகை சொற்பம்தான். ஆனால் ‘உன் வண்டி என் வேலைக்காகத் தேய்கிறது’ என்று முதலாளி ஒப்புக்கொண்டதற்கு அது அடையாளம்.

1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் ஃபிஃப்டி வந்தது. அந்த வண்டி சுமக்காதது என்ன இருக்கிறது? வாட்டர் கேன், கேஸ் சிலிண்டர், தலைகீழாகக் கட்டிய கோழிகள், மீன் கூடை, கோலமாவு மூட்டை. ‘கடைசி மைல்’ என்று இன்றைக்குப் பெரிய நிறுவனங்கள் சொல்வதை அன்றைக்கு அது பேரில்லாமல் செய்துகொண்டிருந்தது. நிறைய பேர் தண்டலுக்குக் காசு வாங்கித்தான் அதை எடுத்தார்கள். தண்டல்காரர் தினமும் வந்து நிற்பார், வட்டியும் கொள்ளைதான். ஆனால் கடைசித் தவணை கட்டிய மறுநாள் காலை வண்டி நம்முடையது. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2014இல் பெங்களூரில் ஸ்விக்கி தொடங்கியது. அடுத்த ஆண்டே ஜொமாட்டோவும் உணவு டெலிவரியில் இறங்கியது. இங்கேதான் ஒரு தலைகீழ் மாற்றம் நடந்தது. வேலை நிறுவனத்துடையது, வண்டி, பெட்ரோல், பஞ்சர், இன்சூரன்ஸ், செல்போன் எல்லாம் ஓட்டுபவருடையது. அவருக்குப் பெயர் தொழிலாளி இல்லை, ‘பார்ட்னர்’. தபால்காரருக்குக் கிடைத்த அந்தச் சைக்கிள் படி இங்கே தனியாகக் கண்ணில் படுவதில்லை. 2020-21இல் இந்தியாவில் இப்படிப்பட்ட கிக் தொழிலாளர்கள் 77 லட்சம் பேர் என்றும், 2029-30இல் 2.35 கோடி ஆகலாம் என்றும் நிதி ஆயோக் 2022இல் கணக்கிட்டது.

2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டர், லிட்டருக்கு 45 கிலோமீட்டர் மைலேஜ் என்றால், பெட்ரோலுக்கு மட்டும் சுமார் 270 ரூபாய். அதே தூரத்துக்கு மின்சார ஸ்கூட்டருக்கு ஏறக்குறைய 4 யூனிட் போதும். யூனிட் 8 ரூபாய் என்றே வைத்தாலும் 32 ரூபாய். மாதம் 26 நாள் ஓடினால் 6,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். புகை குறையும், சத்தம் குறையும் என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

நிறுவனங்களும் கணக்குத் தெரியாதவை இல்லை. 2030க்குள் டெலிவரி வண்டிகளை முழுக்க மின்சாரத்துக்கு மாற்றுவோம் என்று ஃபிளிப்கார்ட் 2020இலும் ஜொமாட்டோ 2021இலும் உறுதி சொன்னன. மத்திய அரசின் ஃபேம்-2 திட்டம் 2019இல் 10,000 கோடி ரூபாயோடு வந்தது. டெல்லி அரசு 2023 நவம்பரில் ஒருபடி மேலே போய் இதை விதியாகவே ஆக்கியது. 25 வண்டிகளோ அதற்கு மேலோ வைத்திருக்கும் டெலிவரி நிறுவனங்கள் 2030 ஏப்ரல் 1க்குள் முழுக்க மின்சாரத்துக்கு மாறிவிட வேண்டும். நல்ல விதிதான். ஆனால் நிறுவனத்தின் கணக்கில் வரும் அந்த இருசக்கர வண்டிகளில் பெரும்பாலானவை நிறுவனம் வாங்கியவை இல்லை, ஓட்டுபவர் தவணை கட்டி வாங்கியவை. மாற்றச் சொல்வது ஒருவரை, மாற்றவேண்டியது இன்னொருவருடைய வண்டியை.

சரி, ஓட்டுபவர் தானே ஒரு மின்சார ஸ்கூட்டர் வாங்கிக்கொள்ளலாமே? ஒரு லட்ச ரூபாயைச் சுற்றி விலை. கடன் கேட்டால் சம்பளச் சீட்டு எங்கே என்பார்கள். வாங்கிவிட்டாலும் எங்கே சார்ஜ் போடுவது? மூன்றாவது மாடியில் வாடகை வீடு, வண்டி கீழே தெருவில். ஹவுஸ் ஓனர் சம்மதித்தால்தான் ஒயர் இறங்கும். 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து, அந்தப் புகையில் ஒரு தகப்பனும் மகளும் இறந்தார்கள். அதன்பிறகு பேட்டரிப் பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டன. ஆனால் பயந்த ஹவுஸ் ஓனரிடம் விதியைப் படித்துக் காட்ட முடியுமா?

இந்த இடைவெளியில்தான் வாடகை நிறுவனங்கள் நுழைந்தன. வண்டி அவர்களுடையது, வாரம் இவ்வளவு என்று கட்டினால் போதும். சார்ஜ் இறங்கினால் மையத்துக்குப் போய் பேட்டரியை மாற்றிக்கொள்ளலாம். முன்பணம் இல்லாதவருக்கு இது நிஜமாகவே ஒரு கதவு. 25 கிலோமீட்டருக்கு மேல் வேகம் போகாத, 250 வாட்டுக்கு உட்பட்ட வண்டிக்கு லைசென்சும் பதிவும் தேவையில்லை என்பதால், ஊரிலிருந்து நேற்று வந்த பையன்கூட இன்றைக்கு வேலையில் சேரலாம். பத்து நிமிட டெலிவரியை அந்த வேகத்தில் எப்படிச் செய்வது என்பது அவன் தலையெழுத்து.

வேளச்சேரியில் பேட்டரி மாற்றும் இடத்தில் வரிசையில் நின்ற ஒரு தம்பியிடம் பேச்சுக்கொடுத்தேன். “பெட்ரோல் காசு மிச்சம்ணா, அது உண்மைதான். ரிப்பேர் செலவும் நம்ம தலையில இல்ல. ஆனா காய்ச்சல்னு ரெண்டு நாள் படுத்தா ஆர்டர் நிக்கும், வாடகை நிக்காது. மிச்சமாவறது முக்காவாசி வாடகைக்கே போயிடுது.” முன்னால் ஓட்டிய பைக் என்ன ஆச்சு என்று கேட்டேன். “வித்துட்டேன். இப்ப தங்கச்சிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னாலும் இந்த வண்டிதான். மணிக்கணக்குப் பாத்துக்கிட்டே ஓட்டணும்.”

அந்தத் தம்பி சொன்னதில் எனக்குக் கைரிக்‌ஷா முதலாளியின் கொட்டகை தெரிந்தது. பழைய பைக் புகை கக்கியது, காசைத் தின்றது. ஆனாலும் அது அவன் சொத்து. அவசரத்துக்கு அடகு வைக்கலாம், விற்கலாம், ஞாயிற்றுக்கிழமை வீட்டாரோடு பீச்சுக்குப் போகலாம். ஒரு நிறுவனம் பிடிக்கவில்லை என்றால் அதே வண்டியோடு இன்னொரு நிறுவனத்துக்குப் போகலாம். தண்டலுக்காவது கடைசித் தவணை என்று ஒன்று உண்டு. வாடகைக்கு அது கிடையாது.

இதற்காகப் பெட்ரோலுக்கே திரும்பிப் போகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நாள் முழுக்க சிக்னலில் புகை குடிப்பதும் அதே தம்பிதான். வழி இல்லாமலும் இல்லை. பேட்டரி இல்லாமல் வண்டியை மட்டும் விற்கலாம், பதிவு செய்யலாம் என்று மத்திய அரசு 2020 ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டது. விலையில் கணிசமான பங்கு பேட்டரிக்குப் போகிறது. வண்டி ஓட்டுபவருக்குச் சொந்தம், பேட்டரி மட்டும் வாடகை என்று பிரித்தால், தவணையும் குறையும், சொத்தும் கையில் நிற்கும். தமிழ்நாடு அரசு 2025-26 பட்ஜெட்டில், நலவாரியத்தில் பதிந்த 2,000 கிக் தொழிலாளர்களுக்குப் புதிய மின்சார ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் அறிவித்தது. மொத்தம் 4 கோடி. ஒரு லட்ச ரூபாய் வண்டிக்கு அது ஐந்தில் ஒரு பங்குதான், 2,000 பேர் என்பது சென்னைக்கே காணாது. ஆனாலும் மானியம் வாடகை நிறுவனத்துக்கு அல்ல, ஓட்டுபவரின் பெயருக்குப் போகிறது. 1973இல் கேட்ட அதே கேள்வியை யாரோ மறுபடி கேட்டிருக்கிறார்கள்.

அடுத்த சில ஆண்டுகளில் நம் தெருவுக்கு வரும் டெலிவரி வண்டிகள் சத்தமில்லாமல் வரப்போகின்றன. அது ஏறக்குறைய முடிவாகிவிட்டது. ஆர்சி புத்தகத்தில் யார் பெயர் இருக்கும் என்பது இன்னும் முடிவாகவில்லை.