அஞ்சலட்டை எழுதிய நேயர்கள்: இந்திய ஒலிபரப்பு விளம்பரத்தின் மறுபக்கம்

இந்திய விளம்பர வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரிசையாகவே எழுதப்படுகிறது: அச்சு, வானொலி, தொலைக்காட்சி, இணையம். ஒவ்வொரு கருவியும் வணிகரின் குரலை மேலும் தொலைவுக்குக் கொண்டு சென்றது என்பதே அதன் சாரம். ஆனால் அக்குரல் யாரைச் சென்றடைந்தது என்பதும் விளம்பரதாரருக்குத் தெரிந்தாக வேண்டும். அந்த மறுமொழி எவ்வழியாகத் திரும்பி வந்தது என்று கேட்டால், இதே வரலாறு வேறொரு வடிவம் கொள்கிறது.

1952இல் மத்திய தகவல், ஒலிபரப்புத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்களைத் தரம் குறைந்தவை எனக் கருதினார். அகில இந்திய வானொலியில் அவற்றின் இடம் சுருங்கியது. வணிக விளம்பரத்துக்கு அங்கே அப்போது இடமே இல்லை. இரண்டும் கொழும்பில் ஒன்று சேர்ந்தன. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியப் படைகளுக்காக நேச நாடுகள் நிறுவிய ஆற்றல்மிக்க சிற்றலை ஒலிபரப்பி, போருக்குப் பின் இலங்கை வானொலியின் வசம் வந்திருந்தது. தடையை விதித்தது இந்திய அரசு. தடையைத் தாண்டும் வழியைத் தந்தது போர் விட்டுச்சென்ற ஓர் இயந்திரம்.

அவ்வாண்டு டிசம்பரில் ‘பினாகா கீத்மாலா’ தொடங்கியது. பினாகா என்பது ஒரு பற்பசை. அமீன் சயானி பம்பாயில் ஒலிப்பதிவு செய்த நிகழ்ச்சி, நாடாவாகக் கொழும்பு சென்று, அங்கிருந்து இந்திய வீடுகளுக்குத் திரும்பி வந்தது. அயல்நாட்டு நிலையமொன்றின் இந்திய நேயர்களை எண்ணும் பொறுப்பை அஞ்சல்துறை அறியாமலேயே ஏற்றது. கடிதங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. பாடல்களை வரிசைப்படுத்த இசைத்தட்டு விற்பனையோடு நேயர் விருப்பமும் கணக்கில் கொள்ளப்பட்டது. அன்றைய பீகாரிலிருந்த ஜும்ரி தலையா என்னும் அப்ரகச் சுரங்கச் சிற்றூர், பாடல் கேட்டு எழுதிய நேயர்களாலேயே நாடறிந்த பெயராயிற்று. எழுதியவரின் பெயரும் ஊரும் வானொலியில் ஒலித்தன. மக்கள் தொடர்பு என்று இன்று பாடநூல்கள் விளக்கும் நல்லெண்ணம், அந்தப் பெயர் வாசிப்பில் செலவின்றி உருவானது.

அரசு மெல்லவே இறங்கி வந்தது. 1957இல் விவித பாரதி தோன்றியது. 1966இல் சந்தா குழுவின் அறிக்கை வணிக ஒலிபரப்பைப் பரிந்துரைத்தது. 1967 நவம்பர் 1 அன்று பம்பாய், பூனா, நாகபுரி நிலையங்களில் விளம்பரம் தொடங்கியது. தொலைக்காட்சிக்கு அந்த அனுமதி 1976 ஜனவரி 1 அன்று கிடைத்தது. 1984இல் தூர்தர்ஷனில் வந்த ‘ஹம் லோக்’ தொடருக்கு, முந்தைய ஆண்டுதான் இந்தியச் சந்தையில் அறிமுகமான மேகி நூடுல்ஸ் விளம்பரதாரராக அமைந்தது. அத்தொடருக்கு ஏறத்தாழ 4,00,000 கடிதங்கள் வந்ததாக அரவிந்த் சிங்கால், எவரெட் ரோஜர்ஸ் ஆகியோரின் ஆய்வு பதிவு செய்கிறது. கருவி மாறியபோதும் மறுமொழியின் வழி அஞ்சலாகவே நீடித்தது.

அக்கடிதங்களைப் பொற்காலத்தின் சான்றாகக் கொள்வது பிழை. வானொலி எழுத்தறியாதவரையும் எட்டியது. அஞ்சலட்டை எழுத எழுத்தறிவு வேண்டியிருந்தது. கேட்டவர் பலர், எண்ணப்பட்டவர் சிலர். ஆயினும் எண்ணப்பட்டவர் தாமே முன்வந்து எழுதியவர். எதைச் சொல்வது, எதை மறைப்பது என்பது அவர் கையில் இருந்தது.

கைபேசித் திரையில் இந்த ஒழுங்கு தலைகீழாகிறது. எழுத்தறியாதவரும் இன்று எண்ணப்படுகிறார். எந்தக் காணொளியில் எத்தனை நொடி நின்றார், எங்கே விலகினார் என்பதெல்லாம் அவர் ஒரு சொல்லும் எழுதாமலேயே மறுமொழியாகப் பதிவாகின்றன. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலை மையக் கருத்தாக்கியுள்ளது. அஞ்சலட்டையில் ஒப்புதல் என்பது எழுதும் செயலிலேயே அடங்கியிருந்தது. இப்போது அதைத் தனியே ஒரு பொத்தானில் கேட்டுப் பெற வேண்டியுள்ளது.

ஊடக வரலாறு பயிலும் மாணவர் ஒலிபரப்பியின் ஆற்றலை அளப்பதோடு நின்றுவிட்டால் இம்மாற்றம் கண்ணில் படாது. ஜும்ரி தலையாவின் நேயர் தம் பெயரைத் தாமே எழுதி அனுப்பினார். இன்றைய நேயரைப் பற்றி விளம்பரதாரர் அறிந்திருப்பது எது என்பதே அந்த நேயருக்குத் தெரியாது.