பெற்றோல் இல்லாத நாளில் மட்டும் ஞாபகம் வரும் சைக்கிள்

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

2022ஆம் ஆண்டை நாம் வரிசைகளால்தான் ஞாபகம் வைத்திருக்கிறோம். கேஸ் வரிசை, பால்மா வரிசை, பெற்றோல் வரிசை. அந்த வருடத்தில் இன்னொன்றும் நடந்தது, அதை நாம் அதிகம் பேசுவதில்லை. கார் வைத்திருந்த குடும்பங்கள் காரை மூடிவைத்துவிட்டு சைக்கிளில் போய்வந்தன. வாப்பா கடைக்கு சைக்கிளில், மகன் ஓதப் போவது சைக்கிளில், மகள் டியூஷனுக்கு சைக்கிளில்.

சில எண்களை மீட்டிப் பார்ப்போம். 2021 டிசம்பர் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் ஒரு லீற்றர் 177 ரூபா. 2022 மே 24இல் 420 ரூபா. ஜூன் 26இல் 470 ரூபா. ஜூன் 27 நள்ளிரவிலிருந்து ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. பிறகு கியூ.ஆர். முறை வந்தது. ஆரம்பத்தில் ஒரு காருக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். 2023 செப்டம்பர் வரை அந்த முறை இருந்தது.

எங்கள் வீட்டிலும் ஒரு சின்னக் கார் இருக்கிறது. ஜூன் மாதம் அதற்குத் துணி போட்டு மூடினோம். பின்வளவில் துருப்பிடித்துக் கிடந்த வாப்பாவின் ராலி சைக்கிளை வெளியே எடுத்தோம். டியூப் இரண்டும் மாற்ற வேண்டியிருந்தது. சைக்கிள் கடையிலும் வரிசைதான். புதுச் சைக்கிள் வாங்க நினைத்தவர்கள் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள். ஐந்து பேர் கொண்ட வீடு இரண்டு சைக்கிள்களில் ஓடியது. உம்மாவை கிளினிக்குக் கொண்டுபோக மட்டும் ஆட்டோ. கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் வீடு நிற்கவில்லை, ஓடியது.

இன்று அந்த சைக்கிள்கள் எங்கே? பெரும்பாலானவை மீண்டும் பின்வளவுக்கே போய்விட்டன. ஏன் என்று நான் சில காலமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். வரலாற்று ஆசிரியனுக்கு ஒரு பழக்கம் உண்டு. தன் ஊரில் நடந்தது வேறு எங்காவது நடந்திருக்கிறதா என்று பார்ப்பான். நடந்திருக்கிறது.

*சைக்கிளும் தட்டுப்பாடும்*

1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் வானத்தை மறைத்ததால் 1816இல் ஐரோப்பாவில் கோடைகாலமே வரவில்லை என்பார்கள். பயிர்கள் அழிந்தன, குதிரைத் தீவனம் விலை ஏறியது. அடுத்த ஆண்டு, 1817இல், ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர் மரத்தால் செய்த இரண்டு சில்லு வண்டியொன்றை ஓட்டிக் காட்டினார். அதற்கு பெடல் கிடையாது, காலால் நிலத்தை உதைத்து ஓட வேண்டும். குதிரைக்குத் தீனி இல்லாத காலம்தான் இந்த யோசனையைத் தந்தது என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள், வேறு சிலர் ஏற்பதில்லை. எப்படியோ, சைக்கிளின் கதையில் தட்டுப்பாடு முதல் பக்கத்திலேயே வந்துவிடுகிறது.

இன்று நாம் ஓடும் உருவம், அதாவது ஒரே அளவான இரண்டு சில்லுகளும் பின் சில்லுக்குப் போகும் செயினும், 1885இல் இங்கிலாந்தின் ஜோன் கெம்ப் ஸ்டார்லி செய்த ரோவர் சைக்கிளோடு நிலைபெற்றது. 1888இல் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் தன் மகனுடைய மூன்று சில்லு வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். அதற்குப் பின் உலகம் இறப்பருக்கு அலைந்தது. எமது நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொட தாவரவியல் பூங்காவில் 1876இலேயே, பிரேசிலிலிருந்து லண்டன் வழியாக வந்த இறப்பர்க் கன்றுகள் நடப்பட்டிருந்தன.

*யாழ்ப்பாணம்*

1990 ஜூனில் மீண்டும் யுத்தம் தொடங்கியது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. அதே ஆண்டு ஒக்டோபரில் எமது மக்கள் வடக்கிலிருந்து சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள் என்பதைச் சொல்லாமல் இந்த இடத்தைக் கடக்க முடியாது. அவர்கள் விட்டுவந்த வீட்டு முற்றங்களில் சைக்கிள்களும் நின்றன.

குடாநாட்டில் இருந்தவர்களுக்கு சைக்கிளே எல்லாமானது. விறகு, நெல் மூடை, தேங்காய், நோயாளி எல்லாம் அதில்தான் போனது. பழைய கார்களை சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அதற்கும் வசதியில்லாதவர் சைக்கிள் மிதித்தார். பற்றரி இல்லாததால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் றேடியோவுக்கு உயிர் கொடுத்து பிபிசி தமிழோசை கேட்டதை அங்குள்ளவர்கள் இன்றும் சொல்வார்கள்.

யுத்தம் முடிந்து 2009க்குப் பின் பாதை திறந்தது. கூடவே லீசிங் கம்பனிகளும் வந்தன. மோட்டார் சைக்கிள்கள் வீதியை நிறைத்தன. சைக்கிள் யுத்த காலத்தின் ஞாபகமாக மாறியது. கஷ்டகாலத்தின் அடையாளத்தை யார் வீட்டு முன்வாசலில் வைத்திருப்பார்கள்?

*கியூபா*

1991இல் சோவியத் யூனியன் உடைந்தது. கியூபாவுக்கு மலிவாக வந்துகொண்டிருந்த எண்ணெய் வற்றியது. பஸ்கள் நின்றன. அரசாங்கம் சீனாவிலிருந்து 10 இலட்சத்துக்கும் அதிகமான சைக்கிள்களை இறக்குமதி செய்து தொழிலாளர்களுக்கும் மாணவர்களுக்கும் கொடுத்தது. தலைநகர் ஹவானாவில் துறைமுகத்துக்குக் கீழே ஒரு சுரங்கப்பாதை இருக்கிறது. அதற்குள் சைக்கிளில் போக முடியாது என்பதால் சைக்கிளையும் ஆளையும் சேர்த்து ஏற்றிச் செல்லும் தனி பஸ் ஓடியது.

அந்தக் காலத்தைப் பற்றி 2013இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் ஓர் ஆய்வு வந்தது. 1990களின் முதல் பாதியில் கியூப மக்களின் உடல் எடை சராசரியாக ஏறக்குறைய 5 கிலோ குறைந்தது. அதைத் தொடர்ந்து சீனி வருத்தத்தாலும் இதய நோயாலும் ஏற்பட்ட மரணங்களும் குறைந்தன. இதில் சாப்பாட்டுக் குறைவின் பங்கு பெரியது. பசியைப் புகழ வேண்டாம். ஆனால் நடையும் சைக்கிளும் சேர்ந்துதான் அது நடந்தது. பொருளாதாரம் தேறியதும் எடையும் கூடியது, சீனி வருத்தமும் கூடியது, சைக்கிள்களும் வீதியிலிருந்து குறைந்துபோயின.

எமது ஊர் வீடுகளில் சீனி வருத்தம் இல்லாத வீடு எத்தனை என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். இந்தக் கதை தூரத்துக் கதையல்ல.

*ஒல்லாந்து*

யாழ்ப்பாணத்திலும் கியூபாவிலும் சைக்கிள் வந்து போனது. வந்து தங்கிய நாடு ஒன்று இருக்கிறது. 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தார்களே, அந்த ஒல்லாந்தரின் நாடு. நெதர்லாந்து.

அவர்கள் எப்போதும் சைக்கிளில் போகிறவர்கள் என்று நினைக்கிறோம். முழுக்க அப்படியல்ல. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் அங்கும் பணம் வந்தது, கார் வந்தது. 1950களிலும் 60களிலும் காருக்காக வீதிகள் அகலமாகின. சைக்கிள் குறைந்துகொண்டே போனது. 1971இல் அந்தச் சின்ன நாட்டின் வீதிகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள். அதில் 400க்கும் மேற்பட்டவர்கள் சிறுவர்கள்.

விக் லங்கன்ஹொப் என்ற பத்திரிகையாளரின் சின்ன மகள் பாடசாலைக்குப் போகும் வழியில் வாகனம் மோதி இறந்தாள். 1972இல் அவர் "சிறுவர் கொலையை நிறுத்துங்கள்" என்ற தலைப்பில் எழுதினார். அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயரானது. தாய்மார், தகப்பன்மார், ஆசிரியர்கள், பிள்ளைகள் வீதிக்கு இறங்கினார்கள். விபத்து நடந்த சந்திகளில் கூடினார்கள். தெருவை மறித்துப் பிள்ளைகளை விளையாட விட்டார்கள். பாராளுமன்றம் வரை சைக்கிளில் போனார்கள்.

அடுத்த ஆண்டு, 1973 ஒக்டோபரில், அரபு–இஸ்ரேல் யுத்தம். மன்னர் பைசலின் காலத்து எண்ணெய்த் தடையை எமது மூத்தவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். இஸ்ரேலை ஆதரித்ததற்காக அமெரிக்காவோடு நெதர்லாந்துக்கும் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. டச்சு அரசாங்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவதைத் தடை செய்தது. முதல் காரில்லா ஞாயிறு 1973 நவம்பர் 4. பெருந்தெருக்களில் குடும்பம் குடும்பமாக சைக்கிளில் போனார்கள், பிள்ளைகள் சில்லுச் சப்பாத்தில் ஓடினார்கள்.

1974 தொடக்கத்திலேயே அந்தத் தடை முடிந்துவிட்டது. எண்ணெய் திரும்பி வந்தது. ஆனால் சைக்கிள் திரும்பிப் போகவில்லை. 1975இல் சைக்கிள்காரர்களின் சங்கம் உருவானது. டென் ஹாக், டில்பர்க் நகரங்களில் அரசாங்கச் செலவில் தனி சைக்கிள் பாதைகள் போடப்பட்டன. 1976இல் குடியிருப்புத் தெருக்களில் வாகனம் நடையின் வேகத்தில்தான் போக வேண்டும் என்ற ஏற்பாடு சட்டமானது. இன்று அங்கே நாலில் ஒரு பயணத்துக்கும் மேல் சைக்கிளில்தான் நடக்கிறது. ஆட்களை விட சைக்கிள்கள் அதிகம். அவர்களிடம் கார் இல்லாமல் இல்லை. காரை எடுக்கத் தேவையில்லாத வீதி அவர்களிடம் இருக்கிறது.

*என்ன வித்தியாசம்?*

மூன்று இடத்திலும் எண்ணெய் நின்றது, மூன்று இடத்திலும் மக்கள் சைக்கிளில் ஏறினார்கள். யாழ்ப்பாணத்திலும் கியூபாவிலும் சைக்கிள் பெற்றோலுக்குப் பதிலாக வந்தது. பெற்றோல் வந்ததும் வேலை முடிந்தது. நெதர்லாந்தில் பெற்றோர் ஏற்கனவே ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்: எங்கள் பிள்ளை உயிரோடு பாடசாலைக்குப் போய்வர வேண்டும். எண்ணெய்த் தடை வந்தபோது அந்தக் கோரிக்கையைக் கேட்க எல்லோருக்கும் காது திறந்தது, அவ்வளவுதான். தட்டுப்பாடு சைக்கிளைக் கொண்டுவரும். தங்கவைப்பது வீதி.

2022இல் எமக்கும் அந்த வாய்ப்பு வந்தது. நாம் பெற்றோலை மட்டும் கேட்டோம், வீதியைக் கேட்கவில்லை. ஐந்து வருடம் நின்றிருந்த வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தது. எங்கள் ஊரில் இன்று வரை ஒரு அடி சைக்கிள் பாதை இல்லை.

கிழக்குக் கரையோரத்து எமது ஊர்களைப் பாருங்கள். மேடு பள்ளம் இல்லாத மண். பாடசாலை, பள்ளிவாசல், சந்தை, ஆஸ்பத்திரி எல்லாம் பெரும்பாலும் இரண்டு மூன்று கிலோமீற்றருக்குள். மீன் பெட்டி, பாண் பெட்டி, பிடவை மூட்டை எல்லாவற்றையும் சைக்கிள் கெரியரில் கட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த வாப்பாமார் வாழ்ந்த ஊர். சைக்கிளுக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. ஆனால் காலை ஏழு மணிக்கு பிரதான வீதியில் நின்று பாருங்கள். கண்டெய்னர், தனியார் பஸ், டிப்பர், நடுவில் முதுகுப்பையோடு ஆறாம் ஆண்டுப் பிள்ளை. நான் என் மகனை இன்றும் அந்த வீதியில் தனியாக விடுவதில்லை. அவனுடைய சைக்கிள் அதனால்தான் வீட்டில் நிற்கிறது. சோம்பலால் அல்ல.

இன்னொன்று மரியாதை. நான் இப்போதும் கிழமையில் மூன்று நாள் சைக்கிளில்தான் பாடசாலைக்குப் போகிறேன். "என்ன சேர், காரை வித்துட்டீங்களா?" என்று கேட்காத ஆள் இல்லை. அக்கறையில் கேட்கிறார்கள். ஆனாலும் அதில் ஒரு பரிதாபம் இருக்கிறது. சைக்கிள் என்றால் இல்லாதவன் என்று எமது மனதில் எழுதிவைத்திருக்கிறோம்.

மூன்றாவது பெண் பிள்ளைகள். 2022இல் எங்கள் ஊர் ஏ.எல். பிள்ளைகள் அபாயாவோடு சைக்கிளில் டியூஷனுக்குப் போனார்கள். ஆட்டோவுக்குக் காசு இல்லை, பெற்றோல் இல்லை, ஊரும் ஒன்றும் சொல்லவில்லை. பெற்றோல் வந்ததும் பேச்சும் வந்துவிட்டது. தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். அங்கும் முதலில் கேலி செய்தார்கள், பிறகு பழகிவிட்டது. தேவைக்கு ஆகுமென்றால், தேவை முடிந்த பிறகும் ஆகும்தானே?

காரை விற்றுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எனக்கும் கார் வேண்டும். கேட்பது சிறியது. பாடசாலை தொடங்கும், விடும் நேரங்களில் பெரிய வாகனங்களுக்கு வேகக் கட்டுப்பாடு. உள் வீதிகளை இணைத்து பாடசாலை வரை பிள்ளைகள் பிரதான வீதியைத் தொடாமல் போக ஒரு வழி. பாடசாலையிலும் பள்ளிவாசலிலும் சந்தையிலும் சைக்கிள் நிறுத்த நிழலான ஒரு கூரை. இதற்கு வெளிநாட்டுக் கடன் தேவையில்லை. பெற்றோர் சங்கமும், பள்ளிவாசல் நிர்வாகமும், நாம் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர்களும் ஒரு மேசையில் இருந்தால் போதும்.

அடுத்த தட்டுப்பாடு எப்போது வரும் என்று அல்லாஹ் ஒருவனே அறிவான். அது வருவதற்கு முன் கேட்டுவைப்போம்.

2022இல் உங்கள் வீட்டில் யார் சைக்கிளில் போனார்கள், எந்த வீதியில் பயந்தார்கள் என்று கீழே எழுதுங்கள். பயந்த இடங்களின் பட்டியல்தான் முதலில் வேண்டும். அதை நான் தொகுத்து அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குக் கொண்டுபோகிறேன், இன்ஷா அல்லாஹ்.