சேர்ப்பதா, விடுப்பதா? - கலவைச் சோதனையின் வரலாறு



குச்சவெளிப் பகுதியிலுள்ள புல்மோட்டைக் கரையின் கருமணலில் இல்மனைற்று, உரூற்றைல், சிர்க்கன் ஆகிய கனியங்கள் செறிந்துள்ளன. அதற்கெனவே 1957இல் கனிய மணற் கூட்டுத்தாபனம் நிறுவப்பெற்றது. கரிய இல்மனைற்றிலிருந்து வெள்ளைப் பூச்சுக்குரிய தைத்தேனிய வெண்பொடி பிறக்கின்றது என்பது வியப்பன்றோ! எனினும், நம் மணல் பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறி வந்துள்ளது.

வெண்பொடி மட்டும் பூச்சாகாது. பிணைக்கும் எண்ணெய் இன்றியமையாதது. சுண்ணத்தூள் போன்றவற்றைச் சேர்க்கலாம், விடுக்கலாம். எதை விடுப்பது என்பதிலேதான் சிக்கல் இருக்கின்றது. வயலில் எருவைக் கூட்டினால் நீர் குறைவதில்லை. கலவையிலோ மொத்தம் என்றும் நூறு வீதம். ஒன்று கூடினால் மற்றொன்று குறைந்தே தீரும். எனவே, 1935இல் பிசர் தம் நூலில் விளக்கிய சோதனை முறைகளை இங்கு அப்படியே கையாள இயலாது.

1955இல் கிளாரிங்போல்ட் என்பவர் மூன்று ஓமோன்களைச் சுண்டெலிகளுக்குக் கலந்து கொடுத்து ஆராய்ந்தபோது, கலவைகளை ஒரு முக்கோணத்தின் புள்ளிகளாகக் கண்டார். மூலைகளில் தனிப்பொருள், பக்கங்களில் இரண்டின் கலப்பு, உள்ளே மூன்றும். என்றி செஃபே 1958இல் இதனைப் பொதுக் கணிதமாக்கினார். 1963இல் அவர் தந்த அமைப்பு நம் வினாவுக்கு மிக நெருங்கியது. மூன்று பொருள்களாயின் தனித்தனியே மூன்று, இரண்டிரண்டாய்ச் சரிபாதி மூன்று, மூன்றும் சமமாய் ஒன்று என ஏழு கலவைகள், நான்காயின் பதினைந்து.

ஆனால், எண்ணெயில்லாப் பூச்சு உண்டோ? எண்ணெயையும் வெண்பொடியையும் யாண்டும் நிறுத்தி, விடுக்கத்தக்க மூன்றை மட்டும் சேர்த்தும் நீக்கியும் பார்த்தால் எட்டுக் கலவைகள் வரும். ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்பவர், தனியே பயனற்றதாய்த் தோன்றும் ஒரு பொருள் மற்றொன்றோடு சேர்ந்து பயன்தருவதை அறியாமலே அதனைக் கழித்துவிடக்கூடும்.

ஒவ்வொரு பொருளுக்கும் கீழெல்லையும் மேலெல்லையும் வகுத்து ஆராயும் முறையை மக்லீனும் அண்டர்சனும் 1966இல் தந்தனர்; ஒளிச்சுடர்க் கலவையே அவர்கள் காட்டிய உதாரணம். 1968இல் இந்திய அறிஞர் மூர்த்தியும் தாசும் கலவைச் சோதனைகளின் அமைப்பைப் பற்றி விரிவான கட்டுரை வெளியிட்டனர்.

இன்னுமொன்று. 'இல்லை' என்பதும் 'சிறிது உண்டு' என்பதும் ஒன்றல்ல. ஆளிவிதை எண்ணெய்ப் பூச்சு தானாக உலர நாட்கள் செல்லும். கோபால்ற்று உலர்த்தியை ஒரு வீதத்திலும் குறைவாகச் சேர்த்தாற்கூட மணிக்கணக்கில் உலர்ந்துவிடும். அத்தகைய பொருளுக்குச் சுழியம் ஒரு சோதனையாகவும், சிற்றளவும் பேரளவும் வேறு சோதனைகளாகவும் அமைதல் வேண்டும்.