ஐந்தாம் கற்பனையும் பிதிர்க்கடனும்

தாய்தந்தையரைக் கனம்பண்ணுமாறு விதிக்கும் வேதக் கற்பனை அமெரிக்கன் மிஷனாரின் வரிசையில் ஐந்தாவது. கத்தோலிக்கர் எண்ணும் முறையில் நான்காவது. எண்ணில் உள்ள வேறுபாடு அற்பமானது. ஆயின் யாழ்ப்பாணத்திலே அக்கற்பனை குடும்பங்களுக்குள் நுழைந்த விதம் இவ்விரு சபையாரிடத்தும் பெரிதும் வேறுபட்டது. அதன் சமூகக் காரணத்தையே நாம் இங்கு நோக்க முற்படுகின்றோம்.

பெற்றோரைப் பேணுதல் குடாநாட்டில் வெறும் அறவுரையாக இருந்ததில்லை. 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையின்படி, மணமாகாத மைந்தன் ஈட்டும் பொருள் குடும்பத்தின் பொதுச்சொத்தைச் சேரும். பெற்றோர் யாதும் விட்டுச்செல்லாவிடினும் அவர்பட்ட கடனை இறுப்பது மைந்தர் பொறுப்பு. மரணத்தோடும் கடமை முடிவதில்லை. கொள்ளி வைத்தல், அந்தியேட்டி, ஆண்டுத் திவசம், தந்தையை இழந்தோர்க்கு ஆடி அமாவாசை, தாயை இழந்தோர்க்குச் சித்திராபூரணை என அது தொடரும். ஆகவே உழைப்பு, சொத்து, சடங்கு ஆகிய மூன்றும் கூடியதே இங்குக் கனம் எனப்பட்டது.

1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியையும் 1824இல் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையையும் நிறுவினர். உணவும் உடையும் கல்வியும் மிஷன் செலவிலேயே கிடைத்தன. பிள்ளைகள் பலருக்கு அமெரிக்க உபகாரிகளின் பெயர்கள் சூட்டப்பட்டன. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை என்னும் பெயர்கள் இதற்குச் சான்று. உடுவிலில் தொடக்ககாலத்தில் கற்று முடித்து மணம்புரிந்த பெண்களுக்கு மிஷனே சிறு சீதனமும் வழங்கியது. பெயரிடலும் சீதனம் கொடுத்தலும் பெற்றோரின் உரிமைகள் என்பதை நாம் மறத்தலாகாது. அப்பாடசாலையை நீண்டகாலம் நடத்திய எலைசா அக்னியூ அம்மையார் 'ஆயிரம் புதல்வியரின் தாய்' எனப் போற்றப்பட்டார். புகழுரைதான், எனினும் பெற்ற தாயர் அதனை எவ்வாறு கேட்டிருப்பர்?

பிள்ளைகளை அனுப்பியவர்களும் பெற்றோரே. வறுமை ஒரு காரணம். ஆங்கிலக் கல்வி திறந்த உத்தியோக வாயில் பிறிதொன்று. தந்தை சொற்கேட்டு விடுதி புகுந்த மகன், சபையிற் சேர்ந்தபின், அத்தந்தைக்கே கொள்ளி வைக்க மறுக்க நேர்ந்தது. இறந்தோர்க்கான கிரியைகளுக்குப் புரட்டஸ்தாந்தக் கோட்பாட்டில் இடமில்லை. கற்பனையைப் படிப்பித்த அதே சபை, ஊரார் கண்ணில் அதனை மீறச் செய்தது. விசுவநாதபிள்ளை போன்றோர் பின்னர் சைவத்துக்கு மீண்டனர். பிதிர்க்கடன் ஒன்றே அதற்குக் காரணம் என்பது பொருந்தாது.

கத்தோலிக்கரிடையே இறந்த பெற்றோருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கலாம். நவம்பர் 2 மரித்த ஆன்மாக்களின் நினைவுநாள். ஆனால் கோட்பாட்டு வேறுபாட்டை மட்டும் கொண்டு இதனை விளக்கிவிட முடியாது. சீனத்திலே மூதாதையர் வழிபாட்டை 1742இல் கண்டிப்பாக விலக்கி, 1939இலேயே தளர்த்தியதும் இதே திருச்சபைதான். யாழ்ப்பாணக் கரையோரங்களில் கத்தோலிக்கம் பெரும்பாலும் குடும்பங்களாக, ஊராக ஏற்கப்பட்டது. அங்கே தந்தையும் மகனும் ஒரே கோயிலில் நின்றனர். அமெரிக்கன் மிஷனோ விடுதி வழியே பிள்ளைகளைத் தனித்தனியே சேர்த்தது. முரண்பாடு முதன்மையாக அங்கிருந்தே பிறந்தது என்பது எமது கருத்து. பெற்றோரே கிறித்தவராயிருந்த அடுத்த தலைமுறையில் அது பெரிதும் தணிந்தமையும் இதனை வலியுறுத்தும்.

வேதாகமத் தமிழாக்கத்திலே பேர்சிவல் பாதிரியாருக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலையைத் தொடங்கினார். அதனை மதப்போட்டியாக மட்டும் காண்போர், பிள்ளையை இழக்காது கல்வியைப் பெற விழைந்த பெற்றோரைக் காணத் தவறுகின்றனர்.