பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களா? ஒரு சட்டத்தின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. பெற்றோரும் பள்ளிவாசல் நிர்வாகிகளும் நேரம் எடுத்து வாசித்தால் நல்லது.

சில வருடங்களுக்கு முன் என் வகுப்பில் ஆறாம் தரத்தில் ஒரு பிள்ளை இருந்தாள். உம்மா வெளிநாட்டில் வீட்டு வேலை. வாப்பா வேறு குடும்பம் பார்த்துப் போய்விட்டார். பிள்ளை தூரத்து உறவு வீடொன்றில் இருந்தாள். கிழமையில் இரண்டு நாள்தான் பாடசாலைக்கு வருவாள். ஒருநாள் கையில் சூட்டுக் காயம். கேட்டேன். "சோறு வடிக்கக்குள்ள பட்டது சேர்" என்றாள். நான் ஒரு மாதம் பேசாமல் இருந்தேன். காரணம், நம் ஊரில் எல்லோரும் சொல்லும் அதே பயம்தான்: "1929க்கு அடிச்சா பிள்ளையப் பிடிச்சிட்டுப் போய் ஹோமில போட்டிருவாங்க."

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது, சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

கதை வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்குகிறது. 1933இல் இங்கிலாந்தில் சிறுவர், இளம் ஆட்கள் சட்டம் வந்தது. அதை முன்மாதிரியாக வைத்து 1939இல் இங்கே 48ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை எழுதினார்கள். குற்றம் செய்த பிள்ளையும், கவனிப்பார் இல்லாத பிள்ளையும் ஒரே சட்டத்துக்குள், ஒரே சிறுவர் நீதிமன்றத்துக்குள் வந்தார்கள். நம் மக்கள் மனதில் "கோட்டுக்குப் போன பிள்ளை" என்றால் ஏதோ தப்புச் செய்த பிள்ளை என்று பதிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பத்தரமுல்லை போன்ற ஓரிரு இடங்களில்தான் தனியான சிறுவர் நீதிமன்றம் இருக்கிறது. மற்ற ஊர்களில் நீதவான் நீதிமன்றமே அந்த வேலையையும் பார்க்கிறது. கள்ளனும் கஞ்சாக்காரனும் நிற்கும் வளவுக்குள் பிள்ளையும் போகவேண்டியிருக்கிறது.

ஆனால் அந்தப் பழைய சட்டத்தை நிதானமாக வாசித்தால் ஒரு விடயம் விளங்கும். பராமரிப்பு, பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளை நீதவான் முன் வந்தால் அவருக்கு ஒரு வழி மட்டும் இல்லை. ஒழுங்காகப் பார்த்துக்கொள்வோம் என்று பெற்றோரிடம் பிணைமுறி வாங்கலாம். நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் விடலாம். "தகுதியான ஆள்" ஒருவரிடம் ஒப்படைக்கலாம்; அவர் உறவினராகவும் இருக்கலாம், வெளியாளாகவும் இருக்கலாம். நிறுவனத்துக்கு அனுப்புவது இவற்றுள் ஒன்று மட்டுமே.

அடுத்து 1941. அந்த வருடத்தில் இரண்டு சட்டங்கள். 22ஆம் இலக்கம் அனாதை இல்லங்களை ஒழுங்குபடுத்த. 24ஆம் இலக்கம் மகவேற்புக்கு. மகவேற்பு என்றதும் நம்மவர்கள் விலகிவிடுவோம், வம்சப் பெயரை மாற்றுவது நமக்கு ஆகாது என்பதால். ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு பகுதியும் உண்டு. பெற்றோர் அல்லாத ஒருவர் ஒரு பிள்ளையைத் தன் வீட்டில் வைத்திருந்தால், பாதுகாவலராகப் பதிவு செய்ய அது வழி வைத்திருக்கிறது. "வளர்க்கிறோம்" என்று சொல்லி ஏழைப் பிள்ளைகளை வீட்டு வேலைக்கு வைத்திருந்த காலம் அது. வீட்டுக்குள் இருக்கும் பிள்ளை அரசாங்கத்தின் கண்ணில் படவேண்டும் என்பதற்கு அந்தப் பகுதி உதவியது. எண்பது வருடத்துக்கு மேல் ஆகியும் நம் ஊரில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

1956இல் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களம் உருவானது. 1987க்குப் பிறகு மாகாண சபைகள் வந்ததும் மாகாணங்களுக்கும் இந்தப் பொறுப்பு போனது. 1991இல் இலங்கை ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயத்தை ஏற்றது. 1995இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தி, பிள்ளைக்குக் கொடுமை செய்வதைத் தனிக் குற்றமாக்கினார்கள். 1998இன் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை வந்தது. 1929 என்ற இலக்கம் அவர்களுடையது. 1999இல், பிள்ளையின் வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து சாட்சியமாக்கவும் சட்டம் இடம் கொடுத்தது.

பிறகு சுனாமி. கரையோரத்தில் இருந்த நமக்கு அதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. கல்முனை வைத்தியசாலையில் 81ஆம் இலக்கம் போட்டு வைத்திருந்த கைக்குழந்தை நினைவிருக்கும். மரபணுப் பரிசோதனை செய்து, நீதிமன்றம் சொன்ன பிறகுதான் பெற்றோரின் கைக்குப் போனது. தாமதம் என்று அன்று பலர் கோபப்பட்டோம். இன்று யோசித்தால், அந்தக் குழந்தை தவறான கைக்குப் போகாமல் காத்தது அந்த நடைமுறைதான். 2005இல் சுனாமிக்கான விசேட சட்டம் வந்தபோது, பெற்றோரை இழந்த பிள்ளைகளை வளர்ப்புக் குடும்பங்களில் வைக்க அதில் ஏற்பாடு செய்தார்கள். 2019இல் வந்த மாற்றுப் பராமரிப்புக்கான தேசியக் கொள்கையும், குடும்பம்தான் முதலில், இல்லம் கடைசி வழி என்றே சொல்கிறது.

இங்கிலாந்துக்காரன் 1989இல் புதிய சிறுவர் சட்டம் கொண்டுவந்து, பராமரிப்பு வழக்குகளை அதன் கீழ் மாற்றிவிட்டான். நாம் மட்டும் இன்னும் 1939ஐத் திருத்தித் திருத்தி ஓட்டுகிறோம்.

சரி, என் மாணவிக்கு என்ன நடந்தது?

ஒரு மாதம் கழித்து, பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் போனேன். நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கும் பாடசாலைக்கும் வந்து விசாரித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார். நீதவான் கேட்ட முதல் கேள்வி, "பிள்ளையைப் பொறுப்பெடுக்க உறவினர் யாரும் வந்திருக்கிறார்களா?"

யாரும் வரவில்லை. பிள்ளையின் சாச்சி பக்கத்து ஊரில் இருந்தார், விடயமும் தெரியும். கோட்டுப் படி ஏறினால் மானம் போய்விடும் என்று வீட்டார் தடுத்திருக்கிறார்கள். அதனால் பிள்ளை சிறுவர் இல்லத்துக்குப் போனாள். ஊரே என்னைத்தான் ஏசியது. "சேர் பிள்ளையக் கொண்டுபோய் ஹோமில போட்டுட்டார்."

ஐந்து மாதம் கழித்து அந்தச் சாச்சி என் வீட்டுக்கு வந்து அழுதார். அடுத்த தவணைக்கு நீதிமன்றம் போனார். உத்தியோகத்தர் அவர் வீட்டைப் பார்த்து அறிக்கை கொடுத்தார். தகுதியான ஆள் என்று கட்டளை கிடைத்தது. பிள்ளை இப்போது அங்கிருந்துதான் படிக்கிறாள். அந்த ஐந்து மாதத்தை அவளுக்கு யார் திருப்பிக் கொடுப்பது? என் ஒரு மாத மௌனத்தையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

எங்கள் நபி (ஸல்) அவர்களே யதீமாக வளர்ந்தவர்கள். பாட்டனார் அப்துல் முத்தலிப், பிறகு பெரிய தந்தை அபூதாலிப் பொறுப்பெடுத்தார்கள். உறவில் ஒருவர் முன்வந்து பொறுப்பெடுப்பதுதான் நம் வழி. சட்டமும் அதைத்தான் கேட்கிறது. நாம்தான் பின்வாங்குகிறோம்.

ஆகவே மூன்று விடயம். ஒன்று, காயத்தைக் கண்டால் காத்திருக்க வேண்டாம். பிரதேச செயலகத்துக்குப் போங்கள், இல்லை 1929க்கு அழையுங்கள். இரண்டு, உறவுக்காரப் பிள்ளை வழக்கில் இருந்தால் முதல் தவணைக்கே போய் நில்லுங்கள், நீதவான் தேடுவது உங்களைத்தான். மூன்று, காதி நீதிமன்றத்தில் தாபரிப்பு பேசி முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். பிள்ளை யாரிடம் இருப்பது என்ற கட்டுக்காப்பு வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குரியது.

நம் பள்ளிவாசல்களில் ஜனாஸாவுக்கு ஆள் பட்டியல் இருக்கிறது. நீதிமன்றத்தில் ஒரு பிள்ளைக்காகப் போய் நிற்கத் தயாரான குடும்பங்களின் பட்டியல் ஒன்றும் இருந்தால் என்ன? விருப்பமுள்ளவர்கள் கீழே சொல்லுங்கள். முதல் பெயர் என்னுடையது.